ரேடியேட்டரில் ரச வாசனை

மலர், செந்தில், ரெண்டு பேரும் கேட்டுக்கொள்ளுங்கள். என் வண்டியை இடித்துவிட்டு நிற்காமல் போனவன், வாடகை தராமல் இறங்கி ஓடியவன் என்று இந்தச் சென்னையில் எத்தனையோ பேர் எனக்குக் கோபத்தை மூட்டியிருக்கிறார்கள். அத்தனை பேரையும் தராசில் ஒரு தட்டிலும், மஞ்சள் மாமாவை மட்டும் இன்னொரு தட்டிலும் வைத்தால், மாமா தட்டுதான் தரையைத் தொடும். "அப்பா, நம்ம வண்டில ரச வாசனை எங்கப்பா போச்சு?" என்று மலர் கேட்டதிலிருந்து அந்தக் கோபம் மறுபடி கொதிக்கிறது.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். நீங்கள் சின்னப் பிள்ளைகள், நினைவிருக்காது. நம் வீட்டு அடுப்பு எரிந்ததே என் கால் டாக்ஸியால்தான். அது ஒரு நாள் படுத்தால் உலையும் படுத்துவிடும். எதிர்வீட்டில் மாமா, ரிட்டயர் ஆனவர். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். சந்தில் யாருக்கும் தெரியாது. ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூள் போடு, ஓட்டை அடைந்துவிடும் என்பது அவருடைய மதம். லாரிக்காரர்கள் அவசரத்துக்குச் செய்கிற வேலை அது. மாமா அதை வாராவாரம் பூஜையாகவே செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், தன் காரின் பானெட்டைத் தூக்கிவிடுவார். ரேடியேட்டரின் அடிப்பக்கத் திருகைக் கழற்றி, துருத் தண்ணீரை எல்லார் வீட்டுக் கோலத்தின் மேலும் ஓடவிடுவார். போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்று, வீடு வீடாகப் போய் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் குடத்தில் பிடித்து வருவார். கடைசியில் மஞ்சள்தூள்.

ஒரு தரம் லஸ் சிக்னலில் அவர் வண்டி புகைந்து நின்றது. டிராபிக் கான்ஸ்டபிள் வந்து மூக்கை உறிஞ்சினார்.

"இன்னா சார், வண்டிக்குள்ள ரசம் வச்சிக்கினு கீறியா?"

"ரசம் இல்லை. மிளகு, சீரகம் எதுவும் போடலை. மஞ்சள் மட்டுந்தான்" என்றாராம் மாமா.

இதெல்லாம் அவர் வண்டியோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஒரு நாள் மதியம் சவாரி முடித்து வந்து, சாப்பிட்டுக் கண்ணசந்தேன். என் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவதை மாமா பார்த்துவிட்டார். உங்கள் அம்மாவிடம் சாவி வாங்கினார். சூட்டில் மூடியைத் திறந்தால் வெந்நீர் அடிக்கும் என்று எஞ்சின் ஆறும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். பொறுமையாக உட்கார்ந்து, என் பிழைப்பில் மஞ்சளைக் கொட்டினார். அதுவும் அவர் வண்டிக்குப் போடுவது மாதிரி இல்லை. மஞ்சளே காணாத வண்டிக்கு முதல் தரம் என்று, டப்பாவையே கவிழ்த்துவிட்டார்.

சாயங்காலம் பனகல் பார்க் பக்கம், சவாரி உட்கார்ந்திருக்கும்போதே எஞ்சின் சூட்டைக் காட்டுகிற வெப்ப முள் ஏறி உச்சியில் ஒட்டிக்கொண்டது. வந்தவர் திட்டிக்கொண்டே இறங்கிப் போனார். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தேன். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியிருந்தது.

"யோவ் மாமா, வெளில வா. யாரைக் கேட்டு என் வண்டில கை வச்ச?"

"ஒழுகிண்டிருந்தது. பார்த்துண்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

"அது ஏசி தண்ணி மாமா. கார்ல ஏசி போட்டா சொட்டும். ஊர்ல இருக்கிற ஏசி தண்ணியெல்லாம் கொடத்துல புடிக்கிற, இது தெரில உனக்கு?"

மாமா குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். "அப்படின்னா கவலையே இல்லை. ஓட்டை இருந்தாத்தான் மஞ்சள் அடைக்கும்."

"அடைச்சுக்கினு கீது மாமா. மொத்தமா."

மன்னிப்பு என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வரவில்லை. ஓஸைத் தூக்கிக்கொண்டு வந்து, மறுநாள் முழுக்க என் ரேடியேட்டருக்குள் தண்ணீரை எதிர்ப்பக்கமாகப் பீய்ச்சினார். சந்து முழுக்க மஞ்சள் ஆறு. கீரைக்காரம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னா மாமா, வண்டி வயசுக்கு வந்துட்ச்சா? மஞ்சத் தண்ணி ஊத்திக்கினு கீற" என்றாள். தெருவே சிரித்தது. எனக்கு அழுகைதான் வந்தது. அடைப்பு போகவே இல்லை.

அடுத்த நாள் காலை, அவர் புது ரேடியேட்டர் வாங்கித் தராமல் விடுவதில்லை என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். மாமா தன் காருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். விரலெல்லாம் கீறல். மடியில் அவருடைய ரேடியேட்டர்.

"ரெண்டும் ஒரே மாடல். எடுத்து மாட்டிக்கோ."

"உன் வண்டி?"

"நான் எங்கே போகப்போறேன்? கோயிலுக்கு நடந்தே போயிடுவேன். கிளாம்ப்பை ரொம்ப இறுக்காதே, ஓஸ் கிழிஞ்சுடும். மஞ்சள் மேல தப்பில்லை, உன் வண்டிக்கு ஒத்துக்கலை, அவ்வளவுதான்."

மாட்டினேன். மாட்டும்போதும் திட்டிக்கொண்டேதான் மாட்டினேன். அவர் போட்ட மஞ்சளெல்லாம் அதில் ஊறியிருந்ததால், சவாரி வருகிறவர்கள் எல்லாம் "பசிக்குது டிரைவர், எதுனா ஓட்டல் பக்கம் நிறுத்துங்க" என்று ஆரம்பித்தார்கள்.

அவர் கார் அதற்கப்புறம் நகரவில்லை. மகள் வந்து அவரைப் பெங்களூருக்குக் கூட்டிப்போனபோது பழைய இரும்புக்காரர் அதை வண்டியில் ஏற்றினார். மாமா அந்தப் பக்கம் திரும்பவில்லை. சென்ட்ரலுக்கு என் டாக்ஸியில்தான் வந்தார். வழி நெடுக என் தோள் வழியாக வெப்ப முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "நடுவுலேயே நிக்கறது பார்த்தியா?" என்றார். அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அந்த ரேடியேட்டர் போன வாரம்தான் உயிரை விட்டது. மெக்கானிக் புதுசு மாட்டினார். நல்ல கூலன்ட், வாசனையே இல்லை. மலரும் கேட்டுவிட்டாள்.

இன்று காலை நீங்கள் பள்ளிக்கூடம் போனதும், அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்துக் கீழே இறங்கினேன். எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. மூடியைத் திறந்தேன். சமையலறையிலிருந்து எடுத்துவந்த மஞ்சளை, ஒரே ஒரு சிட்டிகை, உள்ளே போட்டு மூடினேன்.