கரைந்துபோன அண்ணாச்சி

எண்ணத் தெரியாதவளை நம்பலாம். அரைகுறையாக எண்ணத் தெரிந்தவளை மட்டும் நம்பவே கூடாது. நான் இரண்டாவது ரகம். பள்ளிக்கூடத்தில் எனக்குப் படிப்பு ஏறியதைவிட, அங்கிருந்த வேப்பமரத்தில் நான் ஏறியதுதான் அதிகம். எண்ணிக்கை கற்றதெல்லாம் களத்தில், கம்பு அளக்கும்போது. எங்கள் பக்கம் தானியம் அளந்தால் முதல் படியை ‘ஒண்ணு’ என்று சொல்ல மாட்டார்கள். ‘லாபம்’ என்பார்கள். குடி கெட்டதே அந்த லாபத்தால்தான்.

எங்கள் வீட்டுக்காரர் அருப்புக்கோட்டையில் போட்டோ ஸ்டூடியோ வைத்த புதிது. என் மாமனாருக்கு மிளகாய் வத்தல் கமிஷன் கடை. “இந்த வருசம் ஒரு காலண்டர் ஆர்டராச்சும் பிடிக்கலேன்னா, கேமராவ வித்துட்டு வத்தல் மூட்டை மேல வந்து உக்காரு” என்று மகனுக்குக் கெடு வைத்திருந்தார். இவருக்கோ ‘வத்தல்’ என்று எழுதிக் காட்டினாலே தும்மல் வரும்.

கடைசியில் எண்ணெய்க்கடை அண்ணாச்சி சம்மதித்தார். பாலவனத்தம் பக்கம் ஒரு கண்மாய். மழை வழி தவறி எங்கள் சீமைக்குள் வந்துவிட்ட வருடம் அது, தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. கரையில் அண்ணாச்சி நிற்க, பின்னால் கண்மாய். படம் அவருக்குப் பிடித்துப்போனால் ஆர்டர்.

எங்களவர் கேமரா ஒரு கம்பெனி, லென்ஸ் வேறு கம்பெனி. லேத்துப் பட்டறையில் கடைந்த பித்தளை வளையம் ஒன்று நடுவில் நின்று இரண்டையும் சேர்த்து வைத்தது. (கல்யாணத் தரகர் மாதிரி. அந்தப் பக்கமும் ஆடும், இந்தப் பக்கமும் ஆடும்.) லென்ஸுக்கு முன்னால் மாட்ட ஒரு கருப்புக் கண்ணாடியும் வாங்கி வந்திருந்தார். அது பொருந்தவில்லை. என் பவுடர் டப்பா மூடியில் ஓட்டை போட்டு மாட்டிக்கொடுத்தேன். கேமரா மல்லிகைப்பூவாக மணத்தது.

“இது எதுக்கு? கேமராவுக்குக் கண்ணு வலியா?” என்றேன்.

“வெளிச்சம் கொஞ்சங் கொஞ்சமாத்தான் உள்ள போகும் புள்ள. ரொம்ப நேரம் தொறந்து வச்சா அலையெல்லாம் அடங்கி, தண்ணி பால் மாதிரி விழும். ஆனா ஆளு அசைஞ்சா ஆளும் கரைஞ்சிருவான். நான் மூடியப் பிடிச்சுக்கிறேன். நீ பத்துப் பத்தா எண்ணு. எது நடந்தாலும் எண்ணிக்கைய விட்றாத.”

உச்சி வெயில். அண்ணாச்சி விறைப்பாக நின்றார். நான் தொண்டையைச் செருமி, களத்துக் குரலில் ஆரம்பித்தேன்: “லாபம்!”

கடைக்காரர் காதில் அந்த வார்த்தை விழலாமா? அண்ணாச்சிக்கு மெய்சிலிர்த்துவிட்டது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கரையோரம் இருந்த அய்யனாரைப் பார்க்க நடந்தார். கும்பிட்டார். திருநீறு பூசினார். பத்து முடிந்து நான் மறுபடி “லாபம்” என்றதும் விழுந்து கும்பிட்டார். எங்களவர் பவுடர் மூடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் எண்ணிக்கையை விடவில்லை. எண்ணி முடித்தபோது அண்ணாச்சி திரும்பி வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அப்படியே லோடு எடுக்க மதுரைக்கு பஸ் ஏறிவிட்டார்.

படத்தைக் கழுவிப் பார்த்த எங்களவர் தலையில் கைவைத்துக் கட்டிலில் சாய்ந்துவிட்டார். எனக்கோ படம் அழகாகத் தெரிந்தது. தண்ணீர் பால்தான்! நாலு நல்ல வார்த்தை சொல்லி ஆர்டரைக் காப்பாற்றுவோம் என்று மறுநாள் நானே அண்ணாச்சி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அவர் சம்சாரம் வாங்கிப் பார்த்தார். பனைமரம் இருந்தது. கண்மாய் இருந்தது. கரையில் ஒரு ஜோடி செருப்பு, தையல்கூடத் தெரியும்படி துல்லியமாக இருந்தது.

“இவுக எங்க? நேத்துலருந்து வீட்டுக்கும் வரலயே?”

“அங்கதான் மதினி நின்னாக. அப்புறம் கரைஞ்சிட்டாக.”

(இதைவிட நல்ல வார்த்தை என் வாயில் வரவில்லை.)

“அய்யோ, என் தங்கமே! கோவத்துல ஒரு சொல்லு சொல்லாத மகராசா! ஒங்களுக்கு வாய்க்கு ருசியா நான் ஒரு நாளு ஆக்கிப்போடலையே!” என்று மதினி ஆரம்பித்த ஒப்பாரியில் தெருவே கூடிவிட்டது. நான் விளக்கம் சொல்லச் சொல்ல அழுகை கூடியது.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பார்த்தால், மதுரை லோடு பில்லும் கையுமாக அண்ணாச்சி! நான் வாயைத் திறக்கப் போனேன்.

“சும்மா இரு தாயி,” என்று கிசுகிசுத்தார். “கல்யாணமான நாள்லருந்து இவ என்னைய இப்பிடிச் சொன்னதே இல்ல. முழுசாக் கேட்டுக்கிறேன்.”

அதற்குள் மதினி பார்த்துவிட்டார். கண்ணைத் துடைத்த கையோடு, “சொல்லாமக் கொள்ளாம எங்க போய்த் தொலைஞ்சீக? மனுசனா நீங்க?” என்றார்.

அண்ணாச்சி ஆர்டரைக் கொடுத்தார். காலண்டருக்கு வேறு படம் எடுத்தோம். அதற்கு என்னைக் கூட்டிப்போகவில்லை. செருப்புப் படத்தை அண்ணாச்சி சட்டம் போட்டுத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டார். மதினி குரல் உயரும்போதெல்லாம் பேசாமல் அதைக் கைகாட்டுவாராம்.

எங்கள் வீட்டில் இன்றும் கல்யாணமோ காதுகுத்தோ, எல்லோரையும் நிற்க வைத்து யார் படம் எடுத்தாலும் ‘சிரிங்க’ என்று சொல்வதில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேரப்பிள்ளைகள் கத்துவார்கள்: “அப்பத்தா, லாபம்!”

நான் உடனே குனிந்து, காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.