பதினோரு பக்கெட்டும் இரண்டு கை சோப்புத் தூளும்

விடுதிக்குப் போகிற பிள்ளைக்கு ஊரே கூடிப் பட்டியல் போட்டுக் கொடுக்கும். பூட்டு, பாய், கொசுவத்தி, ஊறுகாய், ஆதார் நகல் நாலு. ஆனால் குளியலறை வாசலில் வரிசையாக நிற்கும் பக்கெட்டுகளை என்ன செய்யக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை. அதனால்தான் புதுச்சேரிக்குப் படிக்க வந்த முதல் காலையிலேயே பதினோரு பெண்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டேன்.

முதலில் என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். திருக்கனூர் பக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து விடுதியில் தங்கிப் படிக்கப் போன முதல் பெண் நான். அப்பாவுக்கு அரை மனசுதான். "ஒரே ஒரு புகாரு வரட்டும், பொட்டியத் தூக்கினு ஊட்டுக்கு வந்துடணும். அப்புறம் காலேஜும் கெடையாது, ஒண்ணும் கெடையாது" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினார். விடுதி வார்டனை எல்லோரும் 'மதாம்' என்றார்கள். அவர் அன்று மாலையே புதுப் பெண்களை வரிசையில் நிற்க வைத்து, "சீனியர்ஸ் கிட்டேர்ந்து ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும் உங்க அப்பாவுக்கு போன் போகும்" என்றார். ஆகமொத்தம் என் படிப்பு, நான் இன்னும் முகம்கூடப் பார்க்காத சீனியர்களின் கையில் இருந்தது.

போதாக்குறைக்கு எங்கள் பெரியப்பா மகள் தேவி அக்கா வேறு. "சீனியருங்க எதிர்ல வந்தா சொவுத்தோட ஒட்டி நின்னுக்கோ. கண்ணப் பாத்துடாத" என்று ஓதி அனுப்பியிருந்தாள். (அவள் எந்த விடுதி வாசலையும் மிதித்தவள் இல்லை. இது எனக்கு நாலு வருஷம் கழித்துத்தான் உறைத்தது.)

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம். சீனியர்கள் எழுவதற்குள் குளித்துவிடலாம், போட்டு வந்த சுடிதாரையும் அலசிவிடலாம் என்று பக்கெட்டோடும் சோப்புத் தூளோடும் போனேன். குளியலறைகளை ஆறு மணிக்குத்தான் திறப்பார்களாம். வாசலில் பதினோரு பக்கெட்டுகள் வரிசையாக இருந்தன. ஆள் ஒருத்தரும் இல்லை. பக்கத்துக் குழாயில் தண்ணீர் மட்டும் நன்றாக வந்தது.

எங்கள் தெருப் பைப்பில் தண்ணீர் ஒரு மணி நேரம் வரும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். முறை வரும்போது ஆள் இல்லாவிட்டால், பின்னால் நிற்பவள் அந்தக் குடத்தையும் பிடித்து ஓரமாக வைக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் தன் குடத்தை நுழைத்தவளோடு தெருவே மூன்று மாதம் பேசாது. இப்போது பதினோரு பக்கெட்டையும் தாண்டி நான் மட்டும் தண்ணீர் பிடித்தால்? புகார். மதாம். அப்பா. பஸ். கை தானாகவே முதல் பக்கெட்டைக் குழாயடிக்கு இழுத்தது.

உள்ளே துணி இருந்ததே, பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். எங்கள் வீட்டில் பைப்படியில் பக்கெட்டுக்குள் துணி இருந்தால் அது ஊற வேண்டிய துணி. பாவம், அக்காக்கள் தண்ணீர் வராததால் அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நல்ல பெயர் வாங்க இதைவிட நல்ல வாய்ப்பு வருமா? ஆளுக்கு இரண்டு கை சோப்புத் தூள் போட்டு, நுரை பொங்கக் கலக்கியும் விட்டேன். ஒரு சிவப்புப் பக்கெட்டில் துண்டுக்கு அடியில் ஒரு நீலச் சேலை, இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. (இஸ்திரி போட்டதை எவளாவது ஊற வெப்பாளா? பயந்தவளுக்கு அதெல்லாம் எங்கேங்க தோணுது!) நல்ல சேலையாயிற்றே என்று அதற்கு மட்டும் மூன்றாவது கையும் போட்டேன்.

அறைக்கு வந்து, உடன் தங்கியிருந்த பர்வீனிடம் பெருமையாகச் சொன்னேன். அவளும் முதல் வருஷம்தான், ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்தே விடுதிகளில் வளர்ந்தவள். படுக்கையிலிருந்து அப்படியே எழுந்து உட்கார்ந்தாள்.

"அடியேய், அது குளிக்க எடம் புடிச்சி வெச்ச பக்கெட்டு. உள்ள இருக்கறது குளிச்சிட்டுப் போட்டுக்க வேண்டிய துணிடி!"

அவள் வாயை மூடக்கூட இல்லை, வராந்தாவில் ஒரு அலறல் கேட்டது. பிறகு இரண்டாவது. எட்டு வரைக்கும் எண்ணினேன், அதற்குமேல் காதைப் பொத்திக்கொண்டேன்.

முதல் நாளே எங்களையும் மாடியின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருந்தார்கள். 'யாருடி அது?' என்று ஒரு செய்தி. 'கையில கெடச்சா செத்தா' என்று இன்னொன்று. கடைசியாக மர்லின் அக்காவின் செய்தி வந்தது. காரைக்கால்காரர், எம்.எஸ்சி. கடைசி வருஷம், மாடியே அவர் சொன்னால் கேட்கும். 'ஒம்போதரைக்கு ஸ்கூல்ல டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. சேலை கட்டாம போனா கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. என்கிட்ட இருந்தது அந்த நீலச் சேல ஒண்ணுதான். யார்கிட்டயாவது சேலை இருக்கா?'

யாரிடமும் இல்லை. எல்லோரும் சுடிதார்க்காரிகள். சேலை என் பெட்டியில் மட்டும்தான் இருந்தது. வரவேற்பு விழாவுக்குக் கட்டிக்கொள்ளச் சொல்லி அம்மா தன் மாம்பழ நிறச் சேலையையும் ஜாக்கெட்டையும் வைத்து அனுப்பியிருந்தார்.

"குடுத்துடு" என்றாள் பர்வீன்.

"குடுத்தா ஏன் குடுக்குறன்னு கேப்பாங்களே?"

கேட்டால் உளறிவிடுவேன் என்று எனக்கே தெரியும். ஆனால் என்னால் ஒருத்தியின் வேலை போகும்போது சும்மா இருக்கவும் முடியவில்லை. கடைசியில் கோழைகளுக்கென்றே ஒரு திட்டம் போட்டேன். சேலையை அவர் அறை வாசலில் வைப்பது, கதவைத் தட்டுவது, ஓடிவிடுவது.

வைத்தேன். தட்டினேன். ஓடினேன். வராந்தா முழுக்க பக்கெட்டுகளிலிருந்து கொட்டிய சோப்புத் தண்ணீர். இரண்டாவது எட்டிலேயே கால் வழுக்கி, உட்கார்ந்தபடியே சறுக்கிச் சுவரில் முட்டி நின்றேன். திரும்பிப் பார்த்தால் கதவைத் திறந்துகொண்டு மர்லின் அக்கா நிற்கிறார். பின்னால் ஏழெட்டு பேர்.

"நான்தான்க்கா. நான்தான் ஊத்துனேன். எங்கப்பாவுக்கு போன் போட வேணாம்க்கா" என்று யாரும் கேட்காமலே அழுதேன்.

"எதுக்கு ஊத்துன?"

"நீங்க இல்லியேக்கா. எங்க ஊர்ல ஆளு இல்லன்னா அடுத்தவங்கதான் புடிச்சி வெப்போம்."

"சோப்புத் தூளு?"

"அது... ஊறப் போட மறந்துட்டீங்கன்னு."

யாரோ பக்கென்று சிரித்தார்கள். மர்லின் அக்கா சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மதாம் படியேறி வந்து, "என்ன சத்தம் இங்க?" என்றார். எனக்குத் திருக்கனூர் பஸ்ஸின் ஹாரன் சத்தமே கேட்டுவிட்டது.

"ஒண்ணுமில்ல மதாம். தண்ணி கொட்டிடிச்சி, புதுப்பொண்ணு வழுக்கி வுழுந்துட்டா" என்றார் மர்லின் அக்கா. மதாம் போனதும் என் பக்கம் குனிந்தார். "மடிப்பு வெச்சி பின்னு குத்தத் தெரியுமா?"

தெரியும். ஆனால் அன்று என் விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. ஆறு பின்னில் இரண்டைச் சேலையில் குத்தினேன், ஒன்றை மர்லின் அக்காவின் இடுப்பில் குத்தினேன். மிச்சத்தை, பின்னாலேயே வந்திருந்த பர்வீன் பிடுங்கிக்கொண்டாள். எங்கள் அம்மாவின் ஜாக்கெட் அவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. ஷேர் ஆட்டோ பிடித்து அவர் போன பிறகு, மீதிப் பத்து பேரின் துணியையும் நான்தான் அலசி, மொட்டைமாடியில் காயப்போட்டேன்.

அன்று பகல் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை கிடைக்காவிட்டால் அந்தப் பழி என் தலையில்தான். மாலையில் அவர் திரும்பியபோது தேவி அக்கா சொன்னபடி சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் நேராக என்னிடமே வந்தார்.

"ரெண்டு நாளா பயந்து பயந்து எனக்குத் தூக்கமே இல்ல, தெரியுமா? படிச்சதெல்லாம் மறந்துடிச்சி. காலையில பின்னு குத்தறப்ப உன் கை நடுங்கிச்சி பாரு, அதப் பாத்துதான் எனக்கு தெம்பே வந்துது. நம்மளயும் பாத்து ஒருத்தி இப்படி நடுங்குறாளேன்னு."

சீனியர்களும் பயப்படுவார்கள் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த நிம்மதியில் அன்று மூன்று தட்டு சோறு சாப்பிட்டேன்.

பத்து நாளில் அவருக்கு வேலை உத்தரவு வந்தது. சேலையும் துவைத்து, இஸ்திரி போட்டு ஊருக்குத் திரும்பியது. நடந்ததைப் பர்வீன் எங்கள் அம்மாவிடம் போனில் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டாள். அன்றிலிருந்து அது எங்கள் குடும்பத்தின் இன்டர்வியூ சேலை. சித்தி மகள், அத்தை மகள், ஏன், தேவி அக்காவே வந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். அம்மா யாருக்கும் இல்லை என்று சொல்வதில்லை. ஆனால் பீரோவில் கை வைக்குமுன் இன்றைக்கும் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்பார்:

"அவ எங்க இருக்கா? கையில சோப்புத் தூளு இருக்கா பாரு."