நாலாம் நம்பர் கீரை

சாப்பிடப் போனவர்கள் திரும்புவதற்குள் திதின் எலுமிச்சையைப் பிழிந்தாக வேண்டும். சோதனைக்கூடத்து மேசையில், நாலாம் எண் ஒட்டிய ஐந்து குடுவைகள். கீரைச் சாறு. முதல் குடுவையில் சில சொட்டு விட்டதுமே வாசலில் செருப்புச் சத்தம். பழத்தைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

வந்தது எலிஸ்.

“என்ன அண்ணே, சாப்பிடலையா?”

“பசியில்ல.”

“கவலையே படாதீங்க. ஜப்பான் கருத்தரங்குக்கு நீங்கதான் போவீங்க.”

நக்கல்! திதினுக்கு வயிறு எரிந்தது. போகோர் ஆராய்ச்சி நிலையத்தில் அவர் தலை நரைத்தவர். இவள் நேற்று வந்தவள். ஆனால் இவள் வளர்த்த காங்குங் கீரையை வதக்கி வைத்தபோது இயக்குநர் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். திதினின் கீரைக்கு அந்த மனிதர் ஒரு ஏப்பம்கூட விட்டதில்லை.

யாருடைய கீரையில் வைட்டமின் சி அதிகமோ, அவருக்கு ஜப்பான். எந்த எண் யாருடையது என்பது இயக்குநருக்கும் உதவியாளர் நெண்டெனுக்கும் மட்டுமே தெரியும். ஆனால் நாலாம் எண் கீரைக்கட்டில் இருந்தது திதின் தன் கையால் சுற்றிய மூங்கில் நார். ஒன்பதாம் கட்டில் ரப்பர் பேண்ட். அது எலிஸுடையது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

மாலையில் இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார்.

“நாலுல ஒரு குடுவை மட்டும் பனைமரம் மாதிரி நிக்குது. சராசரி கூடுதல்தான். ஆனா எண்கள் இப்படிச் சிதறிக் கிடந்தா, நாலு ஒசத்தின்னு எப்படிச் சொல்றது? நாளைக்குத் திரும்பப் பண்ணுங்க.”

மறுநாள் திதின் தவறு செய்யவில்லை. ஐந்து குடுவைக்கும் எலுமிச்சைச் சாற்றைச் சரிசமமாக அளந்து விட்டார். எண்கள் சிப்பாய்கள் மாதிரி வரிசை பிடித்தன. நாலுக்கும் ஒன்பதுக்கும் நடுவே யானையே நடந்து போகலாம்.

“தற்செயலா இவ்வளவு வித்தியாசம் வர ஆயிரத்துல ஒரு வாய்ப்புகூட இல்ல சார்!” திதின் துள்ளினார்.

இயக்குநர் துள்ளவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இதுக்கு ஒரு விளக்கம் வேணுமே, திதின்.”

“விளக்கம் என்ன சார்? நாலு, கீரை. ஒன்பது, மாட்டுக்குப் போடுறது!”

நெண்டென் திதின் பக்கம் திரும்பினாள். “எலிஸ் மேடம் முதல் நாள் காலையிலேயே விலகிட்டாங்க சார், உங்க கீரைகிட்ட நிக்க முடியாதுன்னு. உங்களை அனுப்புறதுக்கு முன்னாடி, நம்ம சோதனையை நம்பலாமான்னு இயக்குநர் பார்க்கச் சொன்னாரு. அதான் உங்க கட்டையே ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதிக்கு ரப்பர் பேண்ட் சுத்தி, நாலு ஒன்பதுன்னு நம்பர் போட்டு வெச்சேன்.”