அநீதியில் நேரடி அனுபவம் உள்ளவர் தேவை

பிரெட்லோ மாவட்டத்தில் இன அநீதி என்று ஒன்று இருக்கிறது என்பதை மாவட்ட ஆட்சி மன்றம் போன வருஷம் ஏகமனதாக ஒப்புக்கொண்டது. ஊர்வலம் போய்த் தொண்டை கட்டிக்கொண்ட கறுப்பர்களே இதை எதிர்பார்க்கவில்லை. அமெரிக்கத் தெற்கில் அதிகாரிகள் எதையும் அத்தனை சீக்கிரம் ஒப்புக்கொள்கிறவர்கள் அல்ல. ஒப்புக்கொண்ட கையோடு, மேற்படி அநீதியைக் கண்காணிக்க 'இனநீதிக் கண்காணிப்புக் குழு' ஒன்றையும் அமைத்தார்கள். குழுவுக்கு ஓர் அறை ஒதுக்கி, மனசுக்கு இதமான வெளிர்நீல வர்ணம் அடித்தார்கள். நீள மேஜை என்றால் தலைமை இடம் என்று ஒன்று வந்துவிடும், அது சமத்துவத்துக்கு ஆகாது என்று வட்ட மேஜை வாங்கினார்கள். கோத்துப் பிடித்த கைகளைச் சின்னமாக வரையச் சொன்னார்கள். யாரும் விடுபட்டுவிடக் கூடாதென்று ஊதாக் கையும் பச்சைக் கையும்கூட அதில் இருந்தன. எல்லாம் ஆயிற்று. உறுப்பினர்கள் மட்டும் இல்லை.

அது ஒரு குறை என்று யாருக்கும் தோன்றவில்லை, வெர்டெல் காடிஸைத் தவிர.

வெர்டெல் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் கறுப்பினப் பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயச் சபையின் பாடகர் குழுவில் பாடுவாள். அவள் மகன் ஓடெலுக்கு ஆற்றுக்கு அக்கரையில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. அக்கரைக்குப் பஸ் கிடையாது. ஓடெல் ஒரு பழைய கார் வாங்கி, அதைச் சொந்தப் பிள்ளை மாதிரி துடைத்து வைத்திருந்தான். ஒருநாள் காலையில் மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரிஃபின் ஆள் கார்லண்ட் ஸ்ட்ரவுட் அவனைப் பாலத்தில் நிறுத்தினார். வழக்கமாக நிறுத்துவதுதான்.

"ரொம்ப ஒழுங்கா ஓட்டுறியே," என்றார் ஸ்ட்ரவுட். "ஒரு தப்புகூட இல்ல. எவனும் இப்படி ஓட்ட மாட்டான். எதை மறைக்கிறே?"

"நீங்க நிறுத்துவீங்கன்னுதான் சார் இப்படி ஓட்டுறேன்."

"பாத்தியா, பயந்துதான் ஓட்டுறே. பயப்படுறவன்கிட்ட ஏதோ இருக்கு," என்று காரைப் பறிமுதல் செய்துவிட்டார்.

வெர்டெல் புகார் கொடுத்தாள். அங்கேதான் அவள் தவறு செய்தாள். முன்பெல்லாம் புகார் கொடுத்தால் ஷெரிஃப் அலுவலகத்தில் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஒரு வாரத்தில் காரைக் கொடுத்துவிடுவார்கள். இப்போது அப்படிச் செய்ய முடியாது. புகார் கண்காணிப்புக் குழுவுக்குப் போகும். குழு முடிவு சொல்லும்வரை கார் ஒரு தடயம்.

"குழு எப்ப முடிவு சொல்லும்?"

"குழுன்னு ஒண்ணு வந்ததும் சொல்லும்மா."

"எப்ப வரும்?"

"அதுல நாங்க தலையிடுறதே இல்ல," என்றார் ஷெரிஃப் அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர், நெஞ்சை நிமிர்த்தி. "சுதந்திரமான அமைப்பு பாருங்க."

ஓடெல் அவர் காரிலும் இவர் காரிலும் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போனான். இரண்டு தரம் தாமதமாயிற்று. இன்னொரு தரம் தாமதமானால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். வெர்டெல் அன்றைக்கே மாவட்ட சமத்துவ அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே இயக்குநர் பிரையனி வெல்ஸ் இருந்தாள். நல்ல பெண். வெர்டெல் வாயைத் திறக்கும் முன்பே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கையை மார்பில் வைத்துக்கொண்டு, "மிஸ் வெர்டெல், உங்க வலி எனக்குக் கேக்குது," என்றாள்.

"வலி இல்லம்மா, காரு. குழுவுக்கு ஏன் இன்னும் ஆள் போடல?"

"புது உறுப்பினரை ஏற்கெனவே இருக்கிற உறுப்பினர்கள்தான் நேர்காணல் பண்ணணும்னு விதி. வெளியாட்கள் திணிச்சிடக் கூடாதுல்ல?"

"இருக்கிற உறுப்பினர்னு யாரும் இல்லையே."

"அதைத்தான் ஒரு ஆலோசகர் பத்து மாசமா ஆராய்ஞ்சார். இப்ப வழி கண்டுபிடிச்சிட்டார்!"

வழி இதுதான். வட்ட மேஜையைச் சுற்றி ஐந்து காலி நாற்காலிகளைப் போடுவது. வருங்கால உறுப்பினர்கள் அவற்றில் இருப்பதாக வைத்துக்கொள்வது. கேள்விகளை பிரையனி படிப்பாள். நாற்காலிகள் ஆட்சேபிக்காவிட்டால் விண்ணப்பதாரர் தேர்வு. இந்த முறைக்கு ஆலோசகர் வைத்த பெயர் 'எதிர்காலத்தின் மௌனத்துக்குச் செவிசாய்த்தல்'. ஆட்சி மன்றத் தலைவர் டுவைட் லன்ஸ்ஃபர்ட்டுக்கு இது புரியவில்லை. புரியாததால், நவீனமாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"அப்ப நானே விண்ணப்பிக்கிறேன்," என்றாள் வெர்டெல்.

நேர்காணல் நடந்தது. பிரையனி ஒரு வெண்கலக் கிண்ணத்தைத் தட்டி, ஓசை அடங்கும்வரை கண்ணை மூடி இருந்துவிட்டு ஆரம்பித்தாள். லன்ஸ்ஃபர்ட் ஓரமாக உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன அநீதியில உங்களுக்கு நேரடி அனுபவம் உண்டா?"

வெர்டெல் பாலத்தைச் சொன்னாள், காரைச் சொன்னாள், தன் கணவன் காலத்தையும் சேர்த்துச் சொன்னாள். பிரையனி அழுதாள். "அற்புதமான தகுதி! அடுத்தது, மாவட்டத்து மேல உங்களுக்குப் புகார் ஏதாவது நிலுவையில இருக்கா?"

"இப்ப சொன்னதுதான்."

"அடடா," என்று பிரையனி பேனாவைக் கீழே வைத்தாள். "அப்ப நீங்க ஒரு தரப்பு ஆயிடுறீங்களே. நடுநிலை போயிடும்."

"எனக்கு விளங்கல. அநீதி நடந்திருக்கவும் வேணும், அதைப் பத்திப் புகாரும் இருக்கக் கூடாதா?"

"ஆமா. நடந்திருக்கணும். ஆனா மனசுல வச்சிருக்கக் கூடாது," என்றார் லன்ஸ்ஃபர்ட். அன்று அவர் பேசியதே அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வெர்டெல் மகனிடம், "புகாரை வாபஸ் வாங்கப் போறேன்," என்றாள்.

"வாபஸ் வாங்கினா காரு என்னம்மா ஆகும்?"

"போடா, உள்ளே போய் உக்காந்துட்டேன்னா ரெண்டே கூட்டத்துல காரை உன் கையில குடுத்துடுவேன். வெளியில நின்னு கத்தினவ பேச்சை எவன் கேட்டான்?"

"உள்ளே உக்காந்தவ பேச்சை மட்டும் எவன் கேட்டான்?" என்றான் ஓடெல். வெர்டெல் அவன் தட்டில் இன்னொரு துண்டு சோள ரொட்டியைப் போட்டு வாயை அடைத்தாள்.

புகாரை வாபஸ் வாங்கியதும் அவள் விண்ணப்பம் மறுபடி பரிசீலிக்கப்பட்டது. இப்போது வேறொரு சிக்கல். புகார் இல்லாததால் சம்பவம் நடந்ததாகப் பதிவு இல்லை. சம்பவம் இல்லாததால் அனுபவமும் இல்லை, திருப்பிக் கேட்கக் காரும் இல்லை. ஆனால் பிரையனி கைவிடவில்லை. குழுவில் 'எதுவும் நடக்காத பொதுமக்கள்' என்று ஓர் இடம் இருந்தது.

"உங்க சமூகத்துலேர்ந்து எதுவும் நடக்காத ஒருத்தர் எங்களுக்குக் கிடைச்சது இதுதான் முதல் தடவை," என்று வெர்டெலின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு நம்பிக்கையா இருக்கு தெரியுமா!"

நாற்காலிகள் ஆட்சேபிக்கவில்லை.

முதல் கூட்டத்துக்கு வெர்டெல் ஒரு பவுண்டு கேக் செய்து எடுத்துப் போனாள். மற்ற உறுப்பினர்கள் வந்திருந்தார்கள். ஒருவர் பல் டாக்டர். ஜப்பானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் தன்னைத் திரும்பிப் பார்த்தார்கள் என்றும், அன்று முதல் தான் பழைய மனுஷன் இல்லை என்றும் சொன்னார். இன்னொரு பெண்மணி இன அநீதி பற்றி வெளிவந்த எல்லாப் புத்தகங்களையும் வாங்கியவர்; அலமாரி செய்ய ஆள் சொல்லியிருக்கிறார், வந்ததும் படிக்க ஆரம்பிப்பார். மூன்றாமவர் லன்ஸ்ஃபர்ட்டின் மைத்துனர். அவர் ஏன் வந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

'நேரடி அனுபவம்' உள்ளவருக்கான நாற்காலியில் கார்லண்ட் ஸ்ட்ரவுட் உட்கார்ந்திருந்தார்.

போன மாதம்தான் ஓய்வு பெற்றாராம். "இருபத்தாறு வருஷம், மேடம்," என்று தொப்பியைத் தொட்டார். "இந்த மாவட்டத்துல எங்கே என்ன அநீதி நடந்தாலும் நான் கூடவே இருந்திருக்கேன். அத்தனையிலும் நேரடி அனுபவம். ஆனா பாருங்க, எனக்குப் புகார்னு ஒண்ணுகூட இல்ல."

வெர்டெலுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கேக் வெட்ட வைத்திருந்த கத்தியைத் தூர நகர்த்தி வைத்தாள். "என் மகன் காரைப் பறிச்சது நீங்கதானே?"

"இருக்கலாம், மேடம். நிறைய காரு." ஸ்ட்ரவுட் பெருமூச்சு விட்டார். "உங்களுக்குப் புரியாது, மிஸ் வெர்டெல். ஒண்ணுமே நடக்காதவங்களுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகுது?"

பிரையனி அவசரமாகக் கிண்ணத்தைத் தட்டினாள். பதிவில் இல்லாத ஒரு சம்பவத்தைக் கூட்டத்தில் எழுப்பக் கூடாது என்று இதமாக நினைவுபடுத்தினாள். எல்லோரும் ஐந்து முறை மூச்சை இழுத்து விட்டார்கள். அதன் பிறகு லன்ஸ்ஃபர்ட் 'ஒட்டுமொத்த ஒப்புதல் பட்டியலை' வாசிக்க ஆரம்பித்தார்.

இது அந்த ஊர் வழக்கம். சர்ச்சைக்கு இடமில்லாத காரியங்களை ஒரே மூச்சில் வாசித்து ஒரே ஓட்டில் முடித்துவிடுவார்கள். நடுவில் கேள்வி கேட்பது பந்தியில் எழுந்து சமையலைக் குறை சொல்வது மாதிரி. காபி வாங்கும் கடை, சுவர் வர்ணத்துக்கு நன்றி, அப்புறம், "மாவட்டப் பாதுகாப்பில் புகார்த் தொடர்பு அற்றும், தடயத் தன்மை நீங்கியும், உரிமை நிலைநாட்டப்படாமலும் உள்ள அசையும் சொத்து ஒன்றைக் குழுவின் களப்பணிக்கென ஈர்த்துக்கொள்வது" என்று லன்ஸ்ஃபர்ட் தூங்குகிற குரலில் படித்துக்கொண்டே போனார்.

"முன்மொழியறேன்," என்றார் ஸ்ட்ரவுட், கேக்கைப் பார்த்தபடி.

லன்ஸ்ஃபர்ட் நிறுத்தினார். இங்கேதான் வெர்டெல் மாட்டிக்கொண்டாள். அவள் சபையில் பிரசங்கியார் மூச்சு வாங்க நிறுத்தினால் அந்த இடைவெளியைச் சும்மா விடுவது மரியாதை இல்லை. முப்பது வருஷமாக அந்த இடைவெளிகளை நிரப்பியே பழகியவள். மனசு முழுக்க ஸ்ட்ரவுட்டின் மேல் ஆத்திரம், காது வேலை செய்யவில்லை, வாய் மட்டும் பழக்கத்தில் திறந்துகொண்டது.

"ஆமென்," என்றாள்.

"மிஸ் காடிஸ் வழிமொழிகிறார்," என்றார் லன்ஸ்ஃபர்ட். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். பிறகு கேக் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

அடுத்த வாரம் ஓடெல் வீட்டுக்குள் வந்து நாற்காலியில் பொத்தென்று விழுந்தான். "அம்மா, என் காரைப் பாத்தேன். நீதிமன்ற வாசல்ல நிக்குது. மேல ஊதாக் கை, பச்சைக் கை எல்லாம் வரைஞ்சு 'இனநீதி உங்கள் வாசலில்'னு எழுதியிருக்கு. யாரும்மா இதைப் பண்ணினது?"

வெர்டெலுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. "நான்தான்டா," என்றாள்.

பிரையனியிடம் ஓடினாள். தீர்மானத்தை ரத்து செய்யலாம், தாராளமாகச் செய்யலாம், முன்மொழிந்தவர் சம்மதித்தால் போதும் என்றாள் பிரையனி. ஸ்ட்ரவுட்டும் நல்ல முகமாகத்தான் இருந்தார். "முதல் களப்பணிக்கு நீங்களும் வாங்க. வண்டி எப்படி ஓடுதுன்னு பாத்துட்டு யோசிக்கலாம்."

இரண்டு நாள் கழித்து விடிகாலையில் வெர்டெல் தன் மகனுடைய காரின் பின்சீட்டில் உட்கார்ந்து போனாள். ஸ்ட்ரவுட் ஓட்டினார். மிக மோசமாக ஓட்டினார், யாரும் நிறுத்தவில்லை. பாலத்தின் மேல் ஓர் ஆள் வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தான். ஸ்ட்ரவுட் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"வணக்கம் தம்பி, இனநீதிக் கண்காணிப்புக் குழு. உங்களுக்கு ஏதாவது அநீதி நடந்திருக்கா?"

ஓடெல் ஸ்ட்ரவுட்டைப் பார்த்தான், காரைப் பார்த்தான், பின்சீட்டில் இருந்த அம்மாவைப் பார்த்தான்.

"இல்ல சார். வேலைக்கு நேரமாச்சு."

"அநீதி இல்லை," என்று ஸ்ட்ரவுட் திருப்தியோடு குறித்துக்கொண்டார்.

"அவனை ஏத்திக்குங்க," என்றாள் வெர்டெல். "ஆஸ்பத்திரியில விட்டுட்டுப் போவோம்."

"அரசாங்க வண்டியில பொதுமக்களை ஏத்தக் கூடாதே, மேடம். நாம எல்லாரையும் சமமா நடத்தணும்."

வெர்டெல் கதவைத் திறந்து இறங்கினாள். "வாடா," என்று மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். பாலத்தின் பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டார்கள். பின்னால் ஷெரிஃபின் வண்டி வந்து நின்றது. புதுசாகச் சேர்ந்த ஆள், மரியாதையாகத்தான் கேட்டான்.

"ரெண்டு பேரா நடந்து போறீங்களே, ஊர்வலத்துக்கு அனுமதி வாங்கினீங்களா?"

"வேலைக்குப் போறோம்ப்பா."

"ரெண்டு பேருக்கும் ஒரே வேலையா?" என்று அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மத்தியானம்வரை இருவரையும் உட்கார வைத்து அனுப்பினார்கள். ஓடெலுக்கு வேலை போயிற்று. ஸ்ட்ரவுட் ஆரம்பம் முதல் கடைசிவரை பக்கத்திலேயே நின்று பார்த்தார். அவருடைய நேரடி அனுபவம் இன்னும் கொஞ்சம் கூடியது.

மறுநாள் பிரையனி அழுதுகொண்டே போன் செய்தாள். "மிஸ் வெர்டெல், எப்படிச் சொல்றதுன்னே தெரியல. நேத்து உங்களைப் பிடிச்சு வச்சது பதிவாயிடுச்சு. இனிமே உங்களை எதுவும் நடக்காதவங்கன்னு சொல்ல முடியாது. உங்க இடம் காலியாயிடுச்சு."

"அப்ப புகார் குடுக்கலாமில்ல?"

"குடுக்கலாமே! ஆனா ஒரு உறுப்பினர் குறையுறதால குழு கூட முடியாது. ஆள் கிடைச்சதும் விசாரிப்போம்."

ஆள் கிடைப்பதில் இந்தத் தடவை சிரமமே இல்லை. விண்ணப்பம் கேட்ட அன்றே பிரெட்லோ மாவட்டத்தில் பாதிப் பேர் வந்து நின்றார்கள். தங்களுக்கு எதுவும் நடக்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். பக்கத்து வீட்டில் நடந்ததும் தெரியாது என்று கூடுதல் தகுதி காட்டினார்கள். குழு கூட முடியாததால் நேர்காணல் மறுபடி ஐந்து காலி நாற்காலிகளிடம்தான்; அவை இன்னும் யாரையும் ஆட்சேபிக்கவில்லை. வரிசை நீதிமன்ற வாசலைத் தாண்டி, அந்தக் காரையும் தாண்டிப் போகிறது. வெர்டெல் அதைக் கடந்துதான் தினமும் சமையலறைக்கு நடக்கிறாள், யாரும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. எல்லோரும் தேர்வாகிவிட்டதால் யாரைப் போடுவது என்று தெரியாமல் இன்னும் இடம் நிரம்பவில்லை என்கிறார்கள். நீங்களும் நானும்கூட விண்ணப்பிக்கலாம். நமக்கு என்ன நடந்துவிட்டது?