தேங்காய் சொன்ன டயர்

மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்த அந்த டயர்க் கடை வாசலில் காலை ஏழு மணிக்கே பதினோரு கார்கள். பஞ்சர் ஒட்ட வந்தவர் ஒருவருமில்லை. எல்லோரும் தேங்காய் பார்க்க வந்தவர்கள்.

பார்ப்பவர் திருமூர்த்தி. தோட்டம் தோட்டமாகப் போய், உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடந்து, அது எழுந்து நிற்கும் இடத்தில் போர் போடச் சொல்லிக்கொண்டிருந்தவர். நிலத்தடி நீர் எண்ணூறு அடிக்குக் கீழே போய் ஒளிந்துகொண்ட பிறகு அந்தத் தொழிலில் உதை விழும் அபாயம் கூடிவிட்டது. டயருக்கு மாறினார். தேங்காயும் உருண்டை, டயரும் உருண்டை. இதற்குமேல் என்ன சாஸ்திரம் வேண்டும்? ராசியான டயர்மேல் தேங்காய் நிற்கும். அதை மாட்டினால் விபத்தே கிடையாதாம். மில் முதலாளிகளின் மகன்கள் பயபக்தியோடு வரிசையில் நின்றார்கள்.

ஆறாவதாக நின்றவள் லோகப்பிரியா. கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. பதினான்கு வருடமாக உராய்வு நடத்துகிறாள். ஆசைக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வால்பாறை மலைப்பாதைப் பந்தயத்துக்குப் பெயரும் கொடுத்துவிட்டாள். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பழைய பதின்மூன்று இஞ்சுச் சக்கரமே போதுமா, பதினைந்துக்கு மாறுவதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாமே என்பீர்கள். போட்டாள். விடையும் வந்தது. விடை தன் கையெழுத்தில் இருந்ததால்தான் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

“அம்மணிக்கு என்ன நட்சத்திரமுங்க?” என்றார் திருமூர்த்தி.

“உத்திராடமுங்க.”

தேங்காய் பதின்மூன்றின் மேல் தூங்கியது. பதினாலின் மேலும் தூங்கியது. போன தீபாவளியிலிருந்து விற்காமல் கிடந்த பதினைந்து இஞ்சுச் சக்கரத்துக்கான அகலமான டயருக்கு மேல் வந்ததும் விருட்டென்று எழுந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. லோகப்பிரியாவுக்குப் புல்லரித்தது. இயற்பியல் படித்த உடம்பு என்று ரோமத்துக்குத் தெரியுமா என்ன?

கடையில் காற்றடிக்கும் பாவாத்தாள் டயர்களை மாட்டிவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தாள். கர்ரென்று சத்தம்.

“அம்மணி, முழுசா ஒடிச்சா மட்காட்ல உரசுதுங்க. மலையில டயர் கிழிஞ்சு போயிருமுங்க.”

“தேங்கா எந்திரிச்சுதல்லங்க?” என்றாள் லோகப்பிரியா. சொன்னது தான்தானா என்று அவளே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“தேங்காயா ஓட்டப் போவுது? உள்ள உக்காரப் போறது நீங்கதானுங்க.”

“சந்தேகப்பட்டாத்தான் கிழியுமுங்க” என்றார் திருமூர்த்தி.

பாவாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு தோள் துண்டை எடுத்தாள். “எங்க தோட்டத்துலயும் இப்படித்தான் எந்திரிச்சுது. அறுநூறடி போட்டோம், புழுதிதான் வந்துச்சு. ஏனுங்க, அதே டயரைக் கழட்டி வெக்கறேன். கண்ணைக் கட்டிக்கிட்டு இன்னொருக்காப் பாருங்களே.”

“தெய்வ காரியத்துல சோதனையா?”

“தேங்காய்க்குத்தான் மூணு கண்ணு இருக்குதே. உங்களுக்கு எதுக்குங்க?”

கூட்டம் சிரித்துவிட்டது. சிரித்த கூட்டத்துக்கு முன்னால் மறுக்க முடியுமா? கண்ணைக் கட்டிக்கொண்டார். பாவாத்தாள் டயர்களைச் சத்தமில்லாமல் இடம் மாற்றினாள். தேங்காய் அதே பதினைந்து இஞ்சைத் தூக்கத்திலேயே தாண்டியது. வரிசையைத் தாண்டியது. நேராக லோகப்பிரியாவின் பாதத்துக்கு மேலே வந்து கம்பீரமாக எழுந்து நின்றது.

“அம்மணி, உங்களையே கழட்டி மாட்டோணுமாட்ட இருக்குதுங்க!” என்றாள் பாவாத்தாள்.

திருமூர்த்தி துண்டை அவிழ்த்துக் காலடியைப் பார்த்தார். “இன்னைக்குப் பாட்டிமைத் திதிங்க. தேங்காய்க்கு ஆகாது” என்று பையைச் சுருட்டினார். வரிசை கலைந்தது. இரண்டு பேர் மட்டும் அவர் பின்னாலேயே ஓடி, நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று தணிந்த குரலில் கேட்டார்கள்.

“இப்ப எதுங்க மாட்டறது?” என்றாள் பாவாத்தாள்.

லோகப்பிரியா அப்போதும் யாரைக் கேட்கலாம் என்றுதான் சுற்றிலும் பார்த்தாள். பாவாத்தாளைத் தவிர ஒருவருமில்லை. அந்த வெறுமைதான் இத்தனை நாளும் அவளை வரிசையில் நிறுத்தியிருந்தது போலும். வெட்கத்தோடு டேப்பைக் கேட்டு வாங்கி, மண்ணில் மண்டியிட்டு மட்கார்டின் இடைவெளியை அளந்தாள். ரிம் பெரிதானால் டயரின் உயரம் குறைய வேண்டும். மொத்த விட்டம் மாறக் கூடாது; இந்த டயரிலோ கூடியிருந்தது. பத்து நிமிடக் கணக்கு.

“பழைய பதின்மூணே போதுங்க” என்றாள்.

தேங்காயை உடைத்தால் சட்னியாவது அரைக்கலாம். கழுத்துக்கு மேலே நாம் சுமந்து திரிவதை, எதற்கென்றுதான் இன்னும் உடைக்காமல் வைத்திருக்கிறோமோ?