ஏழாம் நம்பர் ரூம் வாசலில் ஒன்பது ஜோடி செருப்பு

நாளிதழில் என் பெயர் இதுவரை இரண்டு முறை வந்திருக்கிறது. முதல் முறை, நான் எடுத்த படத்துக்குக் கீழே. இரண்டாவது முறை, மூன்று நாள் கழித்து, அந்தப் படம் பொய் என்று அறிவித்த நான்கு வரிகளுக்கு நடுவே. முதலாவதைக் கத்தரித்து நான் வைத்திருக்கிறேன். இரண்டாவதை என் மனைவி செல்வி வைத்திருக்கிறாள், பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில், ரொம்பப் பத்திரமாக.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. அந்த வயதில் மற்ற ஆண்களுக்குச் சர்க்கரை வரும். எனக்குக் கலை வந்தது. திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் காலண்டர் தாள்களுக்குப் பிழை திருத்துவது என் வேலை. ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம். ஒரு வருடம் பிறப்பதற்கு முன்பே அதன் எல்லா நாளையும் படித்து முடித்துவிடுகிறவனுக்கு வாழ்க்கையில் என்ன ஆச்சரியம் மிச்சமிருக்கும்? மிஷின் தடதடக்கிற மதியங்களில், ஜன்னலுக்கு வெளியே வெயில் அச்சடிக்காத தாளாக விரிந்து கிடக்கையில், எனக்குள் ஏதோ ஒன்று இருப்புக்கொள்ளாமல் அலைந்துகொண்டே இருந்தது. (செல்வி அதை வாயுத்தொல்லை என்றாள்.)

விருதுநகரில் ஞாயிறுதோறும் ஒரு வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். நாளிதழ் வேலை, படங்களால் கதை சொல்லும் வித்தை, ஆறு மாதம், முடிவில் சான்றிதழ். சேர்ந்துவிட்டேன். வகுப்பில் பதினாறு பேர். பதினைந்து பேருக்கு இருபது வயது. முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் பதினைந்து பேரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். நானும் வணக்கம் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும்தான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது.

எங்களுக்குப் பாடம் நடத்திய தேவராஜ் சார் வெகுகாலம் செய்திப் படம் எடுத்தவர். முதல் வகுப்பிலேயே சொன்னார்: “படத்துக்குள்ள இருக்கிற எதையும் கை வச்சு நகத்தாதீங்க. குப்பை கிடந்தா கிடக்கட்டும். நகத்துன நிமிஷமே அது செய்தி இல்ல, கல்யாண ஆல்பம்.”

இதை நான் நோட்டில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் வரைந்தேன். அத்தோடு அந்த வாக்கியத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்தது.

கடைசி மாதம் ஒரு வேலை கொடுத்தார். ஓர் இடம், ஒரே படம், கீழே ஒரு வரி. நன்றாக இருந்தால் தனக்குத் தெரிந்த நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் போடச் சொல்வார். இருபது வயதுக்காரர்கள் பஸ் ஸ்டாண்டுக்கும் பருப்பு மண்டிக்கும் போனார்கள். நான் பட்டாசுத் தொழிலாளர்களின் துயரத்தை எடுப்பதென்று தீர்மானித்தேன். பிறந்ததிலிருந்து அவர்கள் நடுவில்தான் இருக்கிறேன். எதிர் வீடு, பக்கத்து வீடு, மாமனார் வீடு எல்லாமே பட்டாசு வேலைக்காரர்கள். அவர்களோடு சீட்டாடியிருக்கிறேன், தண்ணிக் குழாயில் சண்டை போட்டிருக்கிறேன். அவர்களுக்குள் இவ்வளவு துயரம் இருப்பது, கேமரா வாங்கும்வரை எனக்குத் தெரியாமலே போயிற்று.

செல்வியின் தம்பி கருப்பசாமி, ஆமத்தூரைத் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பதினேழு வருடம் திரி வெட்டி, வெடிமருந்து அள்ளி, படிப்படியாக அந்த இடத்துக்கு வந்தவன். எனக்காக முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கியிருந்தான்.

“செல்போன கேட்லயே குடுத்துருங்க மச்சான். கேமராவ வச்சிக்கிடுங்க. ஆனா இந்த வேப்ப மரத்தத் தாண்டி ஒரு எட்டு வைக்கக் கூடாது. சீசன் நேரம். எம் பேரக் கெடுத்துராதீக.”

“நான் என்ன குழந்தையா மாப்ள?”

“குழந்தைன்னா கேட்டோட நிறுத்தியிருப்பேன்” என்று சொல்லிவிட்டு, லோடு ஏற்ற வந்த லாரியைப் பார்க்கப் போய்விட்டான்.

மரத்தடித் தொட்டியில் தண்ணீர் பிடிக்க இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி எட்டாம் நம்பர் ரூமில் வேலை பார்க்கும் மாரியம்மாள். முழங்கை வரை வெள்ளிப்பொடி மினுங்க நின்றாள். நான் கேமராவைத் தூக்கினேன். அவள் சிரித்தாள்.

“கொஞ்சம் சோகமாப் பாரும்மா.”

“எதுக்குண்ணே?”

“படத்துக்கு.”

“எங்க வீட்ல என்ன எழவா விழுந்துருக்கு? பேப்பர்ல வரும்னா முன்னாலயே சொல்லுங்க, பூ வச்சி நல்ல சேல கட்டிட்டு வாறேன்.”

கூட வந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏட்டி, அண்ணன் மூஞ்சியே நல்லா சோகமாத்தான் இருக்கு. அதயே எடுத்துக்கிடச் சொல்லு.”

இருவரும் சிரித்துக்கொண்டே தண்ணீரோடு ரூமுக்குத் திரும்பினார்கள். ஆக, மனித முகங்கள் கலைக்கு ஒத்துழைக்கவில்லை. அப்போதுதான் ஏழாம் நம்பர் ரூமின் வாசல் கண்ணில் பட்டது. மருந்து புழங்கும் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. எல்லோரும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். வெயிலில் நான்கு ஜோடி செருப்பு. தேய்ந்த குதிகால், வெள்ளிப்பொடி படிந்த வார், நடந்து களைத்து வாய் திறந்து தூங்கும் சின்னச் சின்ன மிருகங்கள்போல. மேலே சுவரில் பெயின்ட்டில் எழுதியிருந்தது: ரூம் நம்பர் 7, ஆட்கள் 4. அந்த எழுத்தில் இருந்த ஏழ்மை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆனால் நான்கு ஜோடி போதுமா? நான்கு ஜோடி பல் டாக்டர் வாசலில்கூடக் கிடக்கும். துயரம் என்றால் ஓர் அளவாவது வேண்டாமா?

வேப்ப மரத்தைத் தாண்டினேன். எட்டாம் நம்பர் ரூமுக்குப் போய் அங்கே கிடந்த நான்கு ஜோடியையும் அள்ளிக்கொண்டு வந்தேன். ஏழாம் நம்பர் வாசலில் பறவைக் கூட்டம் இறங்கியதுபோலப் பரப்பினேன். வலது ஓரம் வெறுமையாகத் தெரிந்தது. என்னுடையதையும் கழற்றி வைத்தேன். மண் கொதித்தது. கலைக்காகப் பாதம் வேகிறவன் என்று என்னையே நினைத்து எனக்குக் கண்ணீர் முட்டியது. எடுத்தேன். மேலே சுவரெழுத்தும் விழுந்திருந்தது. அற்புதமான படம்.

திருப்பி வைப்பதற்குள் டீ மணி அடித்துவிட்டது. எட்டாம் நம்பர் ரூமிலிருந்து நான்கு பெண்கள் வெளியே வந்து, கால் வைத்து, அப்படியே துள்ள ஆரம்பித்தார்கள்.

“எவன்லே அது, செருப்பத் தூக்கிட்டுப் போனவன்?” என்று கத்திய மாரியம்மாள், கை நிறையச் செருப்போடு ஓடிவரும் என்னைப் பார்த்து நின்றாள். “அண்ணே, நீங்களா? பேப்பர்காரங்களுக்கு அம்புட்டுக் கஷ்டமா?”

நல்லவேளை, கருப்பசாமி லாரிப் பக்கம் இருந்தான். அவனிடம் யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை தேவராஜ் சார் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். “எதையும் நகத்தலயே?”

“இல்ல சார்.”

குரல் நடுங்கவே இல்லை. வருடா வருடம் பன்னிரண்டு ராசிக்கும் நன்மை என்று அச்சடிக்கிற இடத்தில் வேலை பார்ப்பவனுக்கு இதெல்லாம் ஒரு பொய்யா?

படம் வந்தது. கீழே நான் எழுதிக் கொடுத்த வரி: “ஒன்பது ஜோடிச் செருப்புகள், ஒரே வாசல், ஒரே மூச்சு.” (பார்ப்பவர்கள் எண்ணிச் சிரமப்படக் கூடாதே என்று எண்ணிக்கையையும் நானே கொடுத்திருந்தேன்.) பத்திரிகையாளன் ஆகிவிட்டபடியால் அன்று காலை செருப்பைத் தவிர்த்து ஷூ போட்டுக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். பத்து மணிக்குக் கருப்பசாமி கூப்பிட்டான்.

“மச்சான், பேப்பர்ல அந்தப் படம் நீங்க எடுத்ததுதான?”

“ஆமா மாப்ள! எப்படி இருக்கு?”

“எம்புட்டு நல்லா இருக்கு! ஆபீசருக ஜீப் போட்டு வந்து பாராட்டிக்கிட்டு இருக்காக. நீங்களும் வந்து ரெண்டு வார்த்த வாங்கிக்கிடுங்க.”

நான் போனபோது ஆபீஸ் மேஜையில் அந்தப் பக்கம் விரிந்து கிடந்தது. ஒன்பது ஜோடியையும் சிவப்புப் பேனாவில் வட்டமிட்டு எண் போட்டிருந்தார்கள். பிழை திருத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன், சுத்தமான வேலை. அதிகாரி அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருப்பசாமி கை கட்டி நின்றான். சட்டப்படி நான்கு பேர் மட்டும் இருக்க வேண்டிய அறையில் ஒன்பது பேரை உட்காரவைத்த போர்மேன் அவன். விசாரணை முடியும்வரை அவனுக்கு வேலை கிடையாது, ரூமுக்கும் பூட்டு. இதுதான் அங்கே முடிவாகிக்கொண்டிருந்தது.

“நாலு பேருதான்னு சத்தியம் பண்றாங்க” என்றார் அதிகாரி அம்மா என்னிடம். “அப்ப ஆளுக்கு ரெண்டே கால் ஜோடி செருப்பு போட்டுட்டு வர்றாங்களா?”

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் செய்தது இது:

“மேடம், அது ஒரு குறியீடு.”

“எதுக்குக் குறியீடு?”

“அங்கே இல்லாதவங்களுக்கு.”

“இல்லாதவங்க செருப்பு போடுவாங்களா?”

கருப்பசாமி மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. கணக்கு சரியாக வராமல் முழிக்கிறவனின் பார்வை. அவனுடைய பதினேழு வருடம் ஒரு தட்டில், என் பெயர் வந்த ஓர் அங்குலம் இன்னொரு தட்டில். தராசு உடனே சாய்ந்திருக்க வேண்டும். ஒரு முழு நிமிடம் ஆடிக்கொண்டிருந்தது. அப்பேர்ப்பட்ட மனிதன் நான்.

“நான்தான் எடுத்து வச்சேன்” என்றேன். “நாலுதான் அங்கன கெடந்துச்சு. மீதிய நான் வச்சேன்.”

அதிகாரி அம்மா நம்பவில்லை. “இவர் உங்களுக்கு என்ன வேணும்?”

“பொண்டாட்டியோட தம்பி.”

“அதானே பார்த்தேன்.”

வேறு வழியில்லாமல் செருப்பு அணிவகுப்பு நடந்தது. ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர் பெண்கள் எட்டுப் பேரும் வரிசையில் வந்து படத்தில் தங்கள் செருப்பைத் தொட்டுக் காட்டினார்கள். மாரியம்மாள் தன்னுடையதைக் காட்டிவிட்டு, பாதத்தையும் தூக்கிக் காட்டினாள். “இந்தா பாருங்கம்மா, அன்னைக்குச் சுட்ட கொப்புளம். அதயும் எழுதிக்கிடுங்க.” எட்டு ஜோடிக்கு ஆள் வந்துவிட்டது. ஒன்பதாவது, வார் பிய்ந்து நீல நூலில் தைத்த பெரிய செருப்பு.

“இது உங்களோடதா? போட்டுக் காட்டுங்க.”

குனிந்து பார்த்தேன். பளபளவென்று ஷூ.

செல்விக்கு போன் போட்டோம். ஒன்றரை மணி நேரம் கழித்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் மஞ்சள் பை. அதிலிருந்து என் செருப்பை எடுத்து அதிகாரி அம்மாவின் மேஜைமேல், நாளிதழுக்குப் பக்கத்தில், நூல் தெரியும்படி வைத்தாள். “இதுதாம்மா அந்த ஒம்போதாவது ஆளு” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். “நூலு நான் தச்சது. நல்லா உழுந்துருக்கு படத்துல.”

எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அதிகாரி அம்மா படித்துப் பார்த்து, “வெயில், பறவை எல்லாம் வேண்டாம். யார் வச்சது, எத்தனை வச்சது, அவ்வளவுதான்” என்று திருப்பிக் கொடுத்தார். இதழியலில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடம் அது. கட்டணம்கூட வாங்கவில்லை. அந்தக் காகிதத்தின் நகலோடு நானே தேவராஜ் சாரிடம் போனேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. போனை எடுத்து நாளிதழுக்குப் பேசினார். பிறகு என் சான்றிதழுக்காக எழுதிவைத்திருந்த பெயரை நிதானமாகக் கோடு போட்டு அடித்தார். மாப்பிள்ளையின் வேலை தப்பியது. ரூம் திறந்தது. மரத்தைத் தாண்டவிட்டதற்காக அவனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது.

அன்று ஜீப் போன பிறகு அவன் என்னை வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப்போனான். திட்டுவான் என்று நினைத்தேன்.

“மச்சான், அங்கன என்னைக்காச்சும் தீப் பிடிச்சுதுன்னா மொதல்ல என்ன செய்வோம் தெரியுமா? ஓடிப்போயி வாசல்ல கெடக்குற செருப்ப எண்ணுவோம். உள்ள எத்தன பேருன்னு அத வச்சித்தான் தெரியும்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டான். எட்டாம் நம்பர் ரூம் வாசலில், உள்ளே நான்கு பேர் இருக்கும்போது, ஒரு செருப்புகூட இல்லாமல் பத்து நிமிடம் ஆக்கிவைத்திருந்தேன். அதை எந்தக் கோணத்தில் பார்த்தாலும் படமாகவில்லை.

போன தை மாதம் கருப்பசாமி வீடு கட்டிக் குடிபுகுந்தான். வாசலில் நாற்பது ஐம்பது ஜோடி கிடந்தன. நான் என்னுடையதைக் கழற்றக் குனிந்ததுதான் தாமதம், உள்ளேயிருந்து அவன் மகள் அலறினாள்: “ஏ, மாமா குனியிறாக! எல்லாரும் ஓடி வாங்க!” பந்தியில் பாதி சாப்பிட்டவர்கள்கூட எச்சில் கையோடு வந்து அவரவர் செருப்புக்குப் பக்கத்தில் நின்றார்கள். எண்பது வயது உறவுக்காரர் ஒருவர், என்ன ஏது என்று தெரியாமலேயே, தன்னுடையதன்மேல் ஏறி நின்றார்.

மாரியம்மாளும் வந்திருந்தாள். பூ வைத்து, நல்ல சேலை கட்டி. என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி, தாம்பூலப் பைக்குள் போட்டு, முடிச்சுப் போட்டு, செல்வியின் கையில் கொடுத்தாள்.

“மதினி, இதக் கொஞ்சம் வச்சிருங்க. அண்ணன் வந்துருக்காகல்ல.”