பெண்ணைப் பெற்றவன் முகூர்த்தத்துக்கு வராத காரணம்

நல்லம்பள்ளி,
1942, வைகாசி.

பாலக்கோடு சம்பந்தி கிருஷ்ணப்பன் அவர்கள் சமூகத்துக்கு நஞ்சப்பன் அநேக நமஸ்காரம். இவ்விடம் நானும் மாடு கன்றுகளும் சௌக்கியம். தங்கள் கோபம் தணிந்த சங்கதிக்கு ஒரு கார்டு போடக் கோருகிறேன்.

தங்கள் மகன் என் மகள் ராஜாமணிக்குத் தாலி கட்டும்போது நான் பந்தலில் இல்லாததற்கு அகம்பாவம் காரணமல்ல, லாரிதான் காரணம். ஜனங்கள் லாரியிலும், சீர்வரிசை பின்னால் கட்டிய டிரெய்லரிலுமாகக் கோழி கூப்பிடவே புறப்பட்டோம். தருமபுரி தாண்டியதும் டிரைவர் தர்மனிடம், "கொஞ்சம் விரட்டுப்பா" என்றேன். "கனத்த வண்டிங்க, பின்னால வேற ஒண்ணு கட்டியிருக்குது. மணிக்குப் பத்து மைல்தான். மீறினா லைசென்சைப் பிடுங்கிக்குவாங்க" என்றான். "அந்தப் பத்தாவது போயேன்" என்றேன். "வேகம் காட்டுற முள்ளு வேலை செய்யலீங்க. எதுக்கும் கம்மியாவே போறேன்" என்றான்.

அப்புறம் என்னத்தச் சொல்றதுங்க, ராகி மூட்டை ஏத்தின மாட்டுவண்டிக்காரன் ஒருத்தன் முந்திக்கிட்டுப் போறப்ப "தள்ளணுமா?"ன்னு கேட்டான், என் கொழுந்தியா ராணியம்மாள் இறங்கிப் புளியம்பழம் பொறுக்கி, ஒரு வூட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சு, அவங்ககூடக் கன்னடத்துல ஊர்க்கதை பேசி, நடந்தே வந்து மறுபடி ஏறிக்கிட்டா. முகூர்த்தம் நெருங்கவே உங்க தம்பி மாரப்பன் எங்களைத் தேடிக்கிட்டு சைக்கிள்ல வந்தாரு. வந்தவரு லாரிக்குப் பக்கத்துலயே மெதுவா மிதிச்சுக்கிட்டு என் பரம்பரையையே வைய ஆரம்பிச்சாரு. தப்பிச்சு ஓடவும் வழியில்லை. "ஒரு அழுத்து அழுத்தேன் தர்மா"ன்னா, "வசவுக்கு அபராதம் இல்லீங்க, வேகத்துக்குத்தான் இருக்குது"ங்கறான்.

அப்பத்தான் ராஜாமணி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டுத் தொப்புன்னு கீழே குதிச்சா. "அப்பா, நீங்க சட்டப்படி வாங்க. நான் கண்ணாலத்துக்குப் போறேன்"னு உங்க தம்பி சைக்கிள் பின்னால ஏறி உக்காந்துட்டா. அவரும் வசவைப் பாதியில விட்டுட்டு மிதிச்சாரு.

நாங்க வந்தப்ப கடைசிப் பந்தியே எழுந்திரிச்சாச்சு. என் இடத்துல நின்னு தாரை வார்த்ததும் உங்க தம்பிதான்னாங்க. பந்தக்காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதேனுங்க. ராஜாமணிதான் வந்து, "அழுவாதீங்கப்பா, ரசம் மிச்சம் இருக்குது"ன்னா. நீங்க மட்டும் முகங்கொடுத்துப் பேசலை. அதுதான் மனசு ஆறலை.

இனி அந்த லாரி நிற்கும் தெருவில்கூட நடக்க மாட்டேன். இது தீர்த்தமலை ஆண்டவன் மேல் ஆணை. பிள்ளைகள் இருவருக்கும் என் ஆசீர்வாதம். தங்கள் தம்பிக்கு மட்டும் இரட்டை நமஸ்காரம்.

இப்படிக்கு,
நஞ்சப்பன்

பி.கு.: யுத்தகாலத்தில் வேறு வண்டி கிடைக்காததால், மறுவீட்டு விருந்துக்குப் பிள்ளைகளை அழைத்துவர தர்மனின் லாரியையே அனுப்பியிருக்கிறேன், டிரெய்லரோடு. முந்தாநாள் கிளம்பியது. வந்து சேர்ந்தால் ஒரு வரி எழுதவும்.